விளக்கு மாட்டுதல்: சுவிட்சை நம்பாமல், நிறத்தை நம்பாமல்

மின்விளக்குக்கு ஒரு குணம் உண்டு. ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் எப்படி மாற்றிக் கொடுத்தாலும் அது எரியும். சுவிட்சை எந்தக் கம்பியில் வைத்தாலும் அணையும். எர்த் இருக்கிறதா என்று கேட்காது. த்ரீ ஃபேஸ் மோட்டாரில் இரண்டு ஃபேஸ் இடம் மாறிவிட்டால் அது எதிர்ப்பக்கம் சுற்றித் தவறைக் காட்டிக்கொடுக்கும். பல்பு எதையும் காட்டாது. அதனால்தான் தப்பாகக் கொடுத்த லைட் பாயிண்ட்டுகள் நம் வீடுகளில் இருபது, முப்பது வருடம் யாருக்கும் தெரியாமல் கிடக்கின்றன. பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்ய ஸ்டூலில் ஏறியவர், சுவிட்ச் அணைந்துதானே இருக்கிறது என்று ஹோல்டரைத் துடைக்கும்போதுதான் அந்தத் தவறு தெரியவருகிறது. அப்படித் தெரியவரும் விதம் மிகக் கொடியது.

ஆகவே இந்த அத்தியாயத்தில் இரண்டு விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன். சுவிட்ச் ஃபேஸ் கம்பியில்தான் இருக்க வேண்டும். கம்பியில் கரண்ட் இல்லை என்பதைச் சோதித்துத்தான் அறிய வேண்டும். சுவிட்சையும் கம்பியின் நிறத்தையும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

முதலில், உங்கள் எல்லை எதுவரை என்று தெரிந்துகொள்ளுங்கள். 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலும், அதற்குப் பிறகு வந்த மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. இணைப்பின் தன்மையும் கொள்ளளவும் மாறாதபடி பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச், வீட்டு விளக்குச் சாமான்கள் ஆகியவற்றை மாற்றிப் பொருத்துவதை விதிகள் அனுமதிக்கின்றன. மற்ற வயரிங் வேலைகளை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும். பழைய டியூப் லைட்டைக் கழற்றி அதே இடத்தில் எல்இடி மாட்டுவது உங்கள் வேலை. சுவரை வெட்டிப் புது பாயிண்ட் இழுப்பது, டிபி பாக்ஸில் புது எம்சிபி போடுவது எல்லாம் தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் உரிமம் உள்ளவர் வேலை. இது வெறும் சம்பிரதாயம் என்று நினைக்க வேண்டாம். புது பாயிண்ட் என்றால் அந்த சர்க்யூட்டின் சுமையைக் கணக்கிட வேண்டும். ஐஎஸ் 732 தரநிலைப்படி ஒரு லைட்-ஃபேன் சர்க்யூட்டில் 10 பாயிண்ட்டுக்கு மேல் கூடாது, 800 வாட்ஸைத் தாண்டவும் கூடாது. எல்லாம் எல்இடி ஆகிவிட்ட வீட்டில் 800 வாட்ஸ் எளிதில் நிறையாது. ஆனால் 10 பாயிண்ட் நிறைந்துவிடும்.

கரண்டை முழுதாக நிறுத்துவது

சுவர் சுவிட்சை அணைப்பது கரண்டை நிறுத்துவது ஆகாது. விளக்கை எரியவிட்டு, டிபி பாக்ஸுக்குப் போய், அந்த அறைக்கு உரிய எம்சிபியைக் கீழே இறக்குங்கள். விளக்கு அணைந்தால் சரியான எம்சிபிதான். பெரும்பாலான வீடுகளில் லைட் சர்க்யூட்டுக்கு 6 ஆம்பியர் எம்சிபி இருக்கும். எது எந்த அறைக்கு என்று எழுதி ஒட்டாத டிபி பாக்ஸ்தான் நம் ஊரில் அதிகம். இந்தச் சாக்கில் ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்து எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஆனால் ஒற்றை எம்சிபி ஃபேஸை மட்டும்தான் வெட்டும். நியூட்ரல் அப்படியே இருக்கும். நன்றாக வயரிங் செய்த வீட்டில் அதனால் தொல்லை இல்லை. வேறொரு சர்க்யூட்டின் நியூட்ரலை இரவல் வாங்கி இந்த விளக்குக்குக் கொடுத்திருந்தால் கதை வேறு. நீங்கள் அந்த நியூட்ரலைப் பிரிக்கும்போது, அந்தச் சர்க்யூட்டில் ஓடும் ஃபேனோ ஃபிரிட்ஜோ வழியாக ஃபேஸ் வந்து பிரிந்த முனையில் நிற்கும். ஆகவே முதல் முறை செய்கிறவர்கள் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டும் மெயின் ஐசோலேட்டரையே அணைத்துவிட்டுப் பகல் வெளிச்சத்தில் வேலை செய்வது நல்லது.

அதோடும் முடியவில்லை. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா? இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மெயினை அணைத்தவுடன் இன்வெர்ட்டர் தன் கடமையைச் செய்யும்: கரண்ட் போய்விட்டது என்று எண்ணி, பேட்டரியின் மின்சாரத்தை 230 வோல்ட்டாக மாற்றி ஹாலுக்கும் படுக்கையறைக்கும் அனுப்பும். சரி, இன்வெர்ட்டரின் முன்பக்க பட்டனை மட்டும் அணைத்தால்? மெயின் கரண்ட் இருக்கும்வரை அது இன்வெர்ட்டருக்குள் நேர்வழியாகப் புகுந்து அதே கம்பிகளுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். ஆகவே இரண்டும் வேண்டும். மெயினை அணையுங்கள், இன்வெர்ட்டரையும் அணையுங்கள். மின்வெட்டுக்கு அஞ்சி வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வாங்கிய ஊர் நம்முடையது. ஒரே சுவிட்ச் போர்டுக்குள் இன்வெர்ட்டர் லைனும் நேர் லைனும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது இங்கே சர்வசாதாரணம். த்ரீ ஃபேஸ் வீடாக இருந்து, ஒரே போர்டுக்குள் இரண்டு வேறு ஃபேஸ் வந்திருந்தால் அவற்றுக்கிடையே ஏறக்குறைய 400 வோல்ட் நிற்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அணைத்த பிறகு டிபி பாக்ஸின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி, 'வேலை நடக்கிறது, போட வேண்டாம்' என்று எழுதி வையுங்கள். வீட்டில் எல்லோரிடமும் வாயாலும் சொல்லுங்கள். தொட்டியில் தண்ணீர் இல்லை, மோட்டார் ஓடவில்லையே என்று யாராவது போய் மெயினைத் தூக்கிவிட்டால், ஏணியில் நிற்பவர் நீங்கள்தான்.

டெஸ்டர் சொல்வதும் சொல்லாததும்

நியான் டெஸ்டர் எளிய கருவி. அதன் முனையைத் தொடும் கரண்ட், உள்ளே இருக்கும் பெரிய ரெசிஸ்டர் வழியாகவும் சின்ன நியான் விளக்கு வழியாகவும் உங்கள் விரலுக்கு வந்து, உடம்பு வழியாகத் தரைக்குப் போகிறது. உணர முடியாத அளவு சிறிய கரண்ட். நீங்களும் அந்த சர்க்யூட்டில் ஒரு பகுதி என்பதால், எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அது காட்டுவது மாறும். உலர்ந்த மர ஸ்டூலில், ரப்பர் செருப்போடு நின்றால் மங்கலாக எரியும். வெயில் படும் இடத்தில் எரிவது கண்ணுக்கே தெரியாது. ஆகவே 'டெஸ்டர் எரியவில்லை' என்பதை மட்டும் வைத்துக் கம்பியில் கை வைக்கக் கூடாது.

மெயினை அணைக்கும் முன்பே, கரண்ட் உள்ள ஒரு சாக்கெட்டில் டெஸ்டரை வைத்து அது எரிகிறதா என்று பாருங்கள். பிறகு மெயினை அணைத்துவிட்டு, விளக்குப் பாயிண்ட்டில் இருக்கும் எல்லாக் கம்பியையும் ஒன்றுவிடாமல் சோதியுங்கள். அப்போது சுவர் சுவிட்ச் ஆன் நிலையில் இருக்க வேண்டும். அணைத்துவைத்துச் சோதித்தால், கரண்ட் உள்ள லைனும் இல்லாததுபோல் காட்டும். கடைசியாக, கரண்ட் உள்ள இடத்தில் டெஸ்டரை மறுபடி வைத்து, இடையில் அது பழுதாகவில்லை என்று உறுதி செய்யுங்கள். மெயினே அணைந்திருந்தால் அந்தக் கடைசிச் சோதனைக்கு அடுத்த வீட்டு சாக்கெட்டைத்தான் நாட வேண்டியிருக்கும். டெஸ்டரோடு ஒரு மல்டிமீட்டரும் வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன். அது உங்கள் உடம்பை நம்பி இயங்குவதில்லை. கரண்ட் இருக்கும்போது ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறத்தாழ 230 வோல்ட் காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. மீட்டரின் பேட்டரி நன்றாக இருக்கிறதா என்பதை கரண்ட் உள்ள சாக்கெட்டில் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

டெஸ்டர் இன்னொரு செய்தியும் சொல்லும். கரண்ட் இருக்கும்போது, விளக்கு எரியாத நிலையில், ஹோல்டரின் இரண்டு முனையிலும் டெஸ்டர் எரிகிறதா? 'இரண்டிலும் ஃபேஸ் வருகிறது' என்று மிரள வேண்டாம். எங்கோ நியூட்ரல் விட்டுப்போயிருக்கிறது. ஃபேஸ் எங்கோ ஒரு விளக்கு அல்லது ஃபேன் வழியாகப் புகுந்து, போக வழியில்லாமல் நியூட்ரல் கம்பியில் நிற்கிறது. த்ரீ ஃபேஸ் வீட்டில் மெயின் நியூட்ரலே விட்டுப்போனால் சில அறைகளில் வோல்டேஜ் ஏறி, பல்புகளும் டிவியும் வரிசையாகக் கருகும். அப்படி ஒன்று தெரிந்தால் மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். பல்பு மாற்றிப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

நிறம் பொய் சொல்லும் இடம்

நம் நாட்டில் நெடுங்காலமாக வயர்மேன்கள் பழகிய நிறங்கள் இவை: மூன்று ஃபேஸுக்கு சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. கடையில் வாங்கும் புது விளக்குகளில் வருவது வேறு: பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்த கோடு எர்த். இரண்டும் சந்திக்கும் இடத்தில் நீலம் ஆளைக் கவிழ்த்துவிடும். சுவரிலிருந்து வரும் நீலம் மூன்றாவது ஃபேஸாக இருக்கலாம். விளக்கிலிருந்து தொங்கும் நீலம் நியூட்ரல். நிறத்துக்கு நிறம் சேர்த்தால் போதும் என்று நினைப்பவர் அங்கேதான் தவறுகிறார். இது போதாதென்று, வேலை நடந்த அன்று கையில் என்ன சுருள் இருந்ததோ அதை இழுத்துவிட்ட வீடுகளும் உண்டு. பச்சைக் கம்பியில் ஃபேஸ் வருகிற வீடு அபூர்வம் அல்ல. சோதித்த பிறகு, கம்பி முனையில் சிவப்பு டேப், கறுப்பு டேப் சுற்றி அடையாளம் வையுங்கள். அடுத்து அங்கே ஏறுகிறவருக்கு நீங்கள் செய்யும் பேருதவி அது.

சுவிட்ச் ஃபேஸில்தான் இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். பல்பைக் கழற்றிவிட்டு, சுவிட்சை அணைத்துவிட்டு, ஹோல்டரின் இரண்டு முனையிலும் டெஸ்டரை வையுங்கள். எதிலாவது நன்றாக எரிந்தால் சுவிட்ச் நியூட்ரலில் இருக்கக்கூடும். பல்பு அணைந்தாலும் ஹோல்டரில் ஃபேஸ் நிற்கிறது. எல்இடி பல்புகள் வந்த பிறகு இன்னொரு அறிகுறியும் கிடைத்திருக்கிறது: சுவிட்சை அணைத்த பிறகும் இருட்டில் பல்பு மங்கலாக ஒளிர்வது. அதற்கு இண்டிகேட்டர் பொருத்திய சுவிட்ச் காரணமாகலாம், பைப்புக்குள் நெடுந்தூரம் ஒட்டியே வரும் கம்பிகள் காரணமாகலாம். ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நியூட்ரலில் வைத்த சுவிட்சைத்தான். பல்பு கெட்டுவிட்டது என்று மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. சுவிட்ச் போர்டைத் திறந்து சரிசெய்யச் சொல்லுங்கள்.

கம்பியைச் சேர்ப்பது

பழைய விளக்கைக் கழற்றும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஃபேஸ், நியூட்ரல், எர்த் என்ற வரிசையில் பிரியுங்கள். மாட்டும்போது எர்த் முதலில், ஃபேஸ் கடைசியில்.

இன்சுலேஷனை 8 முதல் 10 மில்லிமீட்டர் மட்டும் உரியுங்கள். பிளேடால் உரித்தால் உள்ளே இழைகள் வெட்டுப்படும். வயர் ஸ்ட்ரிப்பர் வாங்குவது வீண் செலவில்லை. இழைகளை முறுக்கி, தேவைப்பட்டால் மடித்து, கனெக்டருக்குள் முழுதாக நுழைத்துத் திருகை இறுக்குங்கள். பிறகு கம்பியைப் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். இந்த ஒரு இழுவையை யாரும் செய்வதில்லை என்பது எனக்கு மிகவும் வருத்தம். தளர்ந்த திருகில்தான் கம்பி சூடேறுகிறது, இன்சுலேஷன் கருகுகிறது, ஹோல்டர் உருகுகிறது. எம்சிபி இதைக் கண்டுபிடிக்காது, ஏனென்றால் ஓடும் கரண்ட் கூடவே இல்லை. சூடு அந்த ஒரு புள்ளியில் மட்டும்தான் சேர்கிறது.

முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட்டை நான் ஏற்கவே மாட்டேன். கூரையின் வெப்பத்தில் டேப்பின் பசை இளகி, சில கோடைகளில் பிரிந்துவிடும். கனெக்டர் வையுங்கள், அதையும் ரவுண்ட் பிளாக், ஜங்ஷன் பாக்ஸ் போன்ற திறந்து பார்க்கக்கூடிய இடத்தில் வையுங்கள். பைப்புக்குள் ஜாயிண்ட் கூடாது. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே அநாமத்தாகத் தொங்கும் ஜாயிண்ட்டும் கூடாது. பழைய வீட்டில் அலுமினியக் கம்பி வந்தால் அதோடு செம்பை நேராக முறுக்காதீர்கள். அந்த இரண்டும் சேர்ந்த இடம் அரித்துச் சூடாகும். மரப்பட்டியில் ஓடும் பழங்காலக் கம்பியின் ரப்பர் உறை தொட்டவுடன் பொடியாக உதிர்ந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். அந்த வீட்டுக்குத் தேவை புது விளக்கு அல்ல, புது வயரிங். லைட் சர்க்யூட்டுக்கு ஐஎஸ்ஐ முத்திரையுள்ள 1.5 ஸ்கொயர் செம்பு வயர் கேளுங்கள்.

ஹோல்டர் விஷயத்தில் ஒரு நுணுக்கம். முள் வைத்து மாட்டும் பி22 ஹோல்டரில் இரண்டு முனையும் ஒன்றுபோலத்தான், எதில் ஃபேஸ் கொடுத்தாலும் சரி. மரை வைத்துத் திருகும் ஈ27 ஹோல்டரில் அப்படிக் கிடையாது. ஃபேஸ் அடியில் இருக்கும் நடு முனைக்கு, நியூட்ரல் சுற்றியுள்ள மரைக்கு. மாற்றிக் கொடுத்தால், பல்பைத் திருகும்போது விரல் படக்கூடிய மரையே ஃபேஸ் ஆகிவிடும். பிள்ளைகள் எட்டக்கூடிய சுவர் விளக்குகளில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

எல்இடி பேனல் லைட்டில் டிரைவர் என்று ஒரு சிறு பெட்டி வரும். எல், என் என்று குறித்த பக்கம் 230 வோல்ட்டுக்கு. மறுபக்கத்தில் சிவப்பும் கறுப்புமாக வருவது பேனலுக்குப் போகும் குறைந்த டிசி. சிவப்பு, கறுப்பு என்றதும் வீட்டுக் கம்பிதான் நினைவுக்கு வரும். அங்கே கரண்டைக் கொடுத்தால் பேனல் அந்த நொடியே போய்விடும். பழைய டியூப் லைட் பட்டையிலேயே எல்இடி டியூப் மாட்டுகிறவர்கள், டியூப்போடு வந்த வரைபடத்தைப் பார்த்து, அது சொன்னபடி சோக்கையும் ஸ்டார்ட்டரையும் விலக்க வேண்டும். ஃபேன் ரெகுலேட்டரை எல்இடிக்கு டிம்மராகப் பயன்படுத்தாதீர்கள்.

எர்த்

உலோக உடல் கொண்ட விளக்கு என்றால் எர்த் கட்டாயம். பித்தளைத் தொங்கு விளக்கு, இரும்புச் சட்டமுள்ள சுவர் விளக்கு எதுவானாலும், உள்ளே ஃபேஸ் கம்பி உரிந்து உடலைத் தொட்டால் எர்த் கம்பிதான் எம்சிபியையோ, கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்சிசிபியையோ கீழே தள்ளும். எர்த் இல்லாவிட்டால் விளக்கு அமைதியாக எரிந்துகொண்டிருக்கும், அதைத் தொடும் ஆளுக்காகக் காத்திருக்கும். பழைய வீடுகளின் கூரை பாயிண்ட்டில் இரண்டே கம்பிதான் இருக்கும், பச்சை இருக்காது. அங்கே உலோக விளக்கு மாட்டாதீர்கள். சதுரத்துக்குள் சதுரம் என்ற குறி போட்ட, இரட்டை இன்சுலேஷன் உள்ள விளக்கை வாங்குங்கள். எர்த் முனையை நியூட்ரலோடு சேர்த்துவிட்டால் ஆயிற்று என்று சொல்பவர் பேச்சைக் கேட்கவே வேண்டாம். நியூட்ரல் எங்காவது விட்டுப்போன அன்று, விளக்கின் உடல் முழுதும் 230 வோல்ட் ஏறிவிடும்.

கனமான தொங்கு விளக்கின் பாரம் கம்பியில் விழக் கூடாது. ஃபேன் ஹூக்கிலோ கான்கிரீட்டில் பதித்த போல்ட்டிலோ சங்கிலியால் தொங்க வேண்டும். பூச்சில் அடித்த ராவல் பிளக் சிறிய விளக்குகளுக்குத்தான்.

குளியலறையில் ஷவர் தண்ணீர் எட்டாத உயரத்தில், நீர் புகாமைத் தரம் ஐபி 44 அல்லது அதற்கு மேற்பட்ட விளக்கு. சுவிட்ச் கதவுக்கு வெளியே. கேட் விளக்குக்கு ஐபி 65 பாருங்கள். ஆனால் கம்பி நுழையும் துளையை அடைக்காமல் விட்டால் ஐபி 65-ம் வீண்தான். கம்பி கீழ்ப்பக்கமாக நுழையட்டும். நுழையும் முன் ஒரு வளைவு தாழ்ந்து தொங்கட்டும், மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிப் போய்விடும். ஐப்பசி மழையில் வீடு முழுதும் கரண்ட் போனால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்த கேட் விளக்கு.

மாடிப்படியில் டூ வே சுவிட்ச் மாற்றும்போது, நடு முனை எது என்று கவனியுங்கள். ஒரு சுவிட்சின் நடு முனைக்கு ஃபேஸ், மற்றதன் நடு முனையிலிருந்து விளக்குக்கு. மற்ற இரண்டு முனைகளும் இரண்டு கம்பிகளால் ஒன்றோடொன்று சேரும். மேலே அணைத்தால் கீழே போட முடியவில்லை என்றால், நடு முனைக்குரிய கம்பி ஓர முனைக்குப் போயிருக்கிறது.

கரண்டைத் திரும்பக் கொடுக்கும்போது

சுவர் சுவிட்சை அணைத்துவைத்து மெயினைப் போடுங்கள். பிறகு சுவிட்சைப் போடுங்கள். போட்ட நொடியே எம்சிபி விழுந்தால் விளக்குக்குள் ஃபேஸ் நியூட்ரலையோ எர்த்தையோ தொடுகிறது; மறுபடி மறுபடி தூக்கிப் பார்க்காமல் விளக்கைக் கழற்றுங்கள். விழுவது ஆர்சிசிபி என்றால் அது வேறு செய்தி. எம்சிபி கம்பியைக் காப்பது. ஆர்சிசிபி ஆளைக் காப்பது. போன கரண்டும் நியூட்ரலில் திரும்பிய கரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வரை வித்தியாசம் வந்தால் துண்டித்துவிடும். விளக்கைப் போட்டவுடன் விழுகிறதா? ஃபேஸ் கசிகிறது, ஈரமோ நசுங்கிய கம்பியோ தேடுங்கள். அல்லது ஆர்சிசிபிக்கு வெளியே உள்ள நியூட்ரலை, பெரும்பாலும் இன்வெர்ட்டர் பக்கத்து நியூட்ரலை, இந்த விளக்குக்குக் கொடுத்திருக்கிறீர்கள். சுவிட்ச் அணைந்திருக்கும்போதே விழுகிறதா? விளக்கின் நியூட்ரல் எங்கோ எர்த்தையோ உடலையோ தொடுகிறது. மாட்டும்போது மூடிக்கும் தகட்டுக்கும் இடையில் நசுங்கிய கறுப்புக் கம்பியை முதலில் பாருங்கள். ஆர்சிசிபியை பைபாஸ் செய்துவிட்டால் விளக்கு உடனே எரியும். அதற்கு எவர் முன்வந்தாலும் அனுமதிக்காதீர்கள். இரவு ஆகிவிட்டால் அந்த விளக்கின் கம்பி முனைகளைத் தனித்தனிக் கனெக்டரில் மூடி, மற்ற அறைகளுக்குக் கரண்டைக் கொடுத்துவிட்டு, காலையில் உரிமமுள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள்.